கணினிக்குக் காவல்

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்துக் கல்நந்தி புல்லுண்டு பறங்கியரை வெருட்டியது என்பது கர்ணபரம்பரை. அவ்வூர் இல்லமொன்றில் லினக்ஸ் கொண்டு இயங்கும் கணினிக்கோ அத்தகைய காவல் தானே வாய்ப்பதன்று. திறந்தமூல இயங்குதளத்தின் நிரலை எவரும் படிக்கலாம். ஆதலின் அதிற் கேடு நிலையாது எனப் பலர் கருதுவர். படிக்கலாம் என்பது வேறு. படித்தனர் என்பது வேறு. 2014இல் வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ என்னும் பிழை, ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் ஈராண்டுகள் எவர் கண்ணிலும் படாது கிடந்தது. 2024இல், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலில் வஞ்சகமாய்ப் புகுத்தப்பட்ட கள்ளவாயிலை, தொலைநுழைவில் அரைநொடித் தாமதம் கண்டு ஐயுற்ற ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் வெளிப்படுத்தினார். டெபியனின் நிலைப்பதிப்பை அது எட்டவில்லை.

எனினும், திருத்தம் வெளிவந்தால் மட்டும் போதாது. அது வீட்டுக் கணினியை அடைதல் வேண்டும். ஆகவே, நிலைப்பதிப்பையே நிறுவுதல், திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றல், மென்பொருளை இயங்குதளத்தின் களஞ்சியத்தினின்றே பெறுதல், நாளாந்தப் பணிக்கு நிருவாகி உரிமையின்றிச் சாதாரணக் கணக்கையே ஆளுதல், கோப்புகளின் படியைப் புறத்தே பேணுதல் ஆகிய ஐந்தும் இல்லத்தார் கடனாம்.