காற்றில் எஞ்சிய மூன்று பாடல்கள்

நுழையும்முன்

பாடிய கணமே மறைவது இசை. அதனைப் பதிந்து வைக்கும் கருவிகள் தோன்றிய பின்னரும், பதியப்பட்டவற்றைவிடத் தவறவிடப்பட்டவையே மிகுதி. அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே, புகழ்பெற்ற இசைக்குழு ஒன்றில் ஏறத்தாழ ஓராண்டு பாடினார். அவ்வோராண்டின் சான்றாக இன்று நம் செவிக்கு எட்டுபவை மூன்றே பாடல்கள். அம்மூன்றும் வானொலியின் நேரடி ஒலிபரப்பிலிருந்து கிடைத்தவை. ஏனையவை ஏன் கிடைக்கவில்லை, இவை மட்டும் எவ்வாறு எஞ்சின என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

ஸ்விங் காலம்

ஆப்பிரிக்க அமெரிக்க மக்களின் வாழ்விலிருந்து ஊற்றெடுத்தது ஜாஸ் இசை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் உருப்பெற்ற அவ்விசை, 1930களின் இடைப்பகுதியில் 'ஸ்விங்' என்னும் புது வடிவம் கொண்டு நாடெங்கும் பரவியது. டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன், கிளாரினெட் முதலிய காற்றுக்கருவிகள் ஒருபுறம். பியானோ, கிதார், பாஸ், டிரம்ஸ் ஆகியவை மறுபுறம். இவ்வாறு பதின்மருக்கு மேற்பட்டோர் கூடி வாசித்த பெரிய இசைக்குழுக்களே அக்காலத்தின் அடையாளம். அவர்கள் வாசித்தது கேட்பதற்கு மட்டுமன்று; மக்கள் ஆடுவதற்காகவும்தான்.

அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். வேலையின்றி வாடிய குடும்பங்களுக்கு இசைத்தட்டு வாங்குவது ஆடம்பரமாயிற்று. வானொலிப் பெட்டியை ஒருமுறை வாங்கிவிட்டால் போதும். பாடல் ஒவ்வொன்றுக்கும் காசு தரவேண்டியதில்லை. ஆகவே, ஸ்விங் இசை இல்லந்தோறும் நுழைந்த வாயில் வானொலியாகவே அமைந்தது.

நடனக்கூடத்திலிருந்து இல்லத்திற்கு

நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில், லெனாக்ஸ் சாலையில் 1926ஆம் ஆண்டு திறக்கப்பட்டது சவாய் நடனக்கூடம். கறுப்பின மக்களும் வெள்ளையின மக்களும் ஒரே தளத்தில் ஆட இடமளித்த அரிய கூடம் அது. இதுபோன்ற கூடங்களிலிருந்து இரவு நேரங்களில் நேரடி ஒலிபரப்பு நிகழ்ந்தது.

மேடையில் ஒலிவாங்கிகள் நிறுத்தப்படும். அருகில் அமர்ந்திருக்கும் பொறியாளர் கருவிகளின் ஒலியையும் பாடுவோர் குரலையும் அளவறிந்து கலப்பார். கலந்த ஒலி, தனியாக வாடகைக்கு எடுக்கப்பட்ட தொலைபேசிக் கம்பி வழியே நிலையத்தை அடையும். அங்கிருந்து தொலைதூரக் கம்பிகள் வழியே பிற நகர நிலையங்களுக்கும் சென்று, ஒரே நேரத்தில் பல இடங்களில் ஒலிக்கும். பிழை நேர்ந்தால் திருத்த இயலாது. மறுமுறை பாடவும் வழியில்லை.

இயற்கையும் இதற்குத் துணை நின்றது. பகலில் குறுகிய தொலைவே செல்லும் மத்திய அலைகள், இரவில் வளிமண்டலத்தின் மேலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்லும். எங்கோ ஒரு கூடத்தில் எழுந்த இசை, நள்ளிரவில் பல நூறு கிலோமீட்டர் கடந்து ஒருவர் செவியில் விழுவது இதனால் இயன்றது.

வானொலி தேடித்தந்த குழு

அவ்வாறு ஒருவர் செவியில் விழுந்ததன் பயனே கவுண்ட் பேஸி குழுவின் எழுச்சி. கான்சாஸ் நகரின் ரெனோ கிளப்பில் அக்குழு வாசித்துவந்தது. அங்குள்ள சிறிய நிலையம் ஒன்று அந்நிகழ்ச்சிகளை ஒலிபரப்பியது. 1936ஆம் ஆண்டு, 600 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள சிகாகோ நகரில், தம் மகிழுந்தின் வானொலியைத் திருகிக்கொண்டிருந்த இசை ஆர்வலர் ஜான் ஹாமண்ட் அவ்விசையைக் கேட்டு வியந்தார். அவர் முயற்சியால் அக்குழு நியூயார்க் வந்தது.

ஹார்லெமின் சிறிய இரவு விடுதியில் பாடிக்கொண்டிருந்த பில்லி ஹாலிடேயை 1933ஆம் ஆண்டில் கண்டறிந்தவரும் இதே ஹாமண்ட்தான். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் பிறந்த ஹாலிடே, பால்டிமோர் நகரில் வறுமையில் வளர்ந்தவர். இசையை முறையாகப் பயின்றவர் அல்லர். 1937ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பேஸி குழுவின் பாடகியானார். அப்போது அவர் அகவை இருபத்திரண்டை எட்டவில்லை.

ஒலிவாங்கியை அறிந்த குரல்

ஒலிவாங்கி பரவுவதற்கு முன், காற்றுக்கருவிகளின் முழக்கத்தை மீறிப் பாடுவோர் உரத்த குரல் பெற்றிருத்தல் வேண்டும். ஹாலிடேயின் குரல் அத்தகையதன்று. அதன் எல்லையும் சிறியது. ஆனால், ஒலிவாங்கியின் முன் உரக்கப் பாடத் தேவையில்லை என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். அருகிலிருப்பவரிடம் பேசுவதுபோல் அவர் பாடினார். தாளம் முன்செல்ல, சொல்லைச் சற்றே தாழ்த்தி, அதன் பின்னே நடக்கவிட்டார். இசையமைப்பாளர் எழுதிய மெட்டைக் கருவி வாசிப்பவரைப்போலத் தம் போக்கில் மாற்றிக்கொண்டார். இல்லத்தில் வானொலியின் முன் அமர்ந்திருந்தவருக்கு, அப்பாடல் தமக்கென்றே பாடப்படுவதாகத் தோன்றியது.

தடுத்த ஒப்பந்தம், காத்த தட்டு

புகழ்பெற்ற பேஸி குழுவும் சிறந்த பாடகியும் இணைந்தபோது இசைத்தட்டுகள் பல வந்திருக்க வேண்டுமன்றோ? ஒன்றுகூட வரவில்லை. பேஸி ஓர் இசைத்தட்டு நிறுவனத்துடனும் ஹாலிடே மற்றொரு நிறுவனத்துடனும் ஒப்பந்தம் செய்திருந்தனர். ஆகையால், அவர் மேடையில் அக்குழுவுடன் பாடலாம், வானொலியில் பாடலாம், ஒலிப்பதிவுக் கூடத்தில் மட்டும் பாட இயலாது.

இந்நிலையில் கைகொடுத்தது ஒலிபரப்பைப் பதியும் வழக்கம். மெல்லிய பூச்சுடைய அலுமினியத் தட்டில் கூரிய ஊசி நேரடியாகக் கோடு கீறி ஒலியைப் பதியும். விற்பனைக்கு அன்றி, தேவை கருதி எடுக்கப்பட்ட ஒற்றைப்படிகள் இவை. 1937ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் சவாய் கூடத்திலிருந்து ஒலிபரப்பானவற்றுள் ஹாலிடே பாடிய இரண்டு பாடல்களும், நவம்பர் 3ஆம் நாள் நியூ ஜெர்சி மாநிலத்தின் மெடோபுரூக் நடனக்கூடத்திலிருந்து ஒலிபரப்பான ஒரு பாடலும் இவ்வாறு பிழைத்தன.

இம்மூன்று பாடல்களையும் அவர் வேறு சிறு குழுக்களோடு இசைத்தட்டிலும் பாடியுள்ளார். இசைத்தட்டில் ஒலி தெளிவாக உள்ளது. ஒலிபரப்புப் பதிவிலோ தட்டின் உராய்வொலி குரலோடு கலந்து வருகிறது. ஆயினும், முழுக்குழு பின்னின்று உந்த, ஆடுவோர் நிறைந்த கூடத்தில் அவர் எவ்வாறு பாடினார் என்பதை இப்பதிவு மட்டுமே நமக்குச் சொல்கிறது.

1938ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் சவாய் கூடத்தில் பேஸி குழுவும் சிக் வெப் குழுவும் போட்டியிட்டு வாசித்தன. வெப் குழுவின் பாடகி எல்லா ஃபிட்ஜெரால்ட்; பேஸி குழுவின் பாடகி ஹாலிடே. இருபெரும் பாடகியர் எதிரெதிர் நின்ற அவ்விரவில் ஹாலிடே பாடியது காற்றோடு கலந்துவிட்டது.

முகமும் குரலும்

வானொலி கேட்போருக்குப் பாடுபவரின் தோல் நிறம் தெரிவதில்லை. மேடையிலோ நிலைமை வேறு. டெட்ராய்ட் நகர அரங்கு ஒன்றில், மேடை விளக்கொளியில் ஹாலிடேயின் முகம் வெளிறித் தெரிந்தது. வெள்ளையினப் பெண் ஒருவர் கறுப்பின ஆடவருடன் பாடுவதாக மக்கள் எண்ணக்கூடும் என்று அஞ்சிய நிருவாகத்தினர், கரிய பூச்சைப் பூசிக்கொண்டு பாடுமாறு அவரைப் பணித்தனர். இதனை அவர் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

1938ஆம் ஆண்டு பேஸி குழுவை விட்டு விலகி, வெள்ளையினத்தவரான ஆர்ட்டி ஷாவின் குழுவில் சேர்ந்தார். அதே ஆண்டின் இறுதியில் அக்குழு நியூயார்க்கின் லிங்கன் விடுதியில் வாசித்தது. அடிமைமுறையை ஒழித்தவரின் பெயர் தாங்கிய அவ்விடுதியில், விருந்தினர் காணாதவாறு சரக்கு ஏற்றும் மின்தூக்கியில் வருமாறு ஹாலிடே பணிக்கப்பட்டார். அங்கிருந்து நிகழ்ந்த ஒலிபரப்பில் அவர் பாடும் வாய்ப்பும் குறைக்கப்பட்டது. நிறம் தெரியாத காற்றலையிலும், யார் பாடலாம் என்பதை நிறமே முடிவு செய்தது. ஹாலிடே அக்குழுவை விட்டு வெளியேறினார்.

1939ஆம் ஆண்டில், கறுப்பின மக்கள் அடித்துக் கொல்லப்பட்டு மரங்களில் தொங்கவிடப்பட்ட கொடுமையைச் சொல்லும் 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' என்னும் பாடலை அவர் பாடினார். அதனை இயற்றியவர் ஏபெல் மீரோபோல் என்னும் பள்ளி ஆசிரியர். ஹாலிடேயின் இசைத்தட்டு நிறுவனம் அதைப் பதிய மறுத்தது; சிறிய நிறுவனம் ஒன்று பதிந்தது. வானொலி நிலையங்கள் பல அதனை ஒலிபரப்பத் தயங்கின. ஆயினும், அவர் 1959ஆம் ஆண்டு தம் 44ஆம் அகவையில் மறையும்வரை அப்பாடலைக் கைவிடவில்லை.

எஞ்சியவை சொல்வது

பழைய ஒலிபரப்புகளின் புதையல்கள் இன்றும் கிடைக்கின்றன. வில்லியம் சாவரி என்னும் ஒலிப்பொறியாளர் 1930களின் பிற்பகுதியில் தாம் பதிந்த தட்டுகளைத் தம் வாழ்நாள் முழுவதும் பாதுகாத்துவந்தார். ஏறத்தாழ ஆயிரம் தட்டுகள் கொண்ட அத்தொகுப்பை 2010ஆம் ஆண்டு ஹார்லெமில் உள்ள தேசிய ஜாஸ் அருங்காட்சியகம் பெற்றது. எல்லா ஃபிட்ஜெரால்டின் குரலும் அதில் உண்டு. விற்பனைக்கு வந்த இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே இடமிருந்தது. ஒலிபரப்பிலோ கலைஞர்கள் அதைக் கடந்தும் வாசித்தனர். அவ்விரிவை இத்தகைய தட்டுகளே காட்டுகின்றன.

ஒரு காலத்தின் கலையை நாம் அறிவது, எஞ்சியவற்றைக் கொண்டுதான். எது எஞ்சும் என்பதைக் கலையின் தகுதி மட்டும் முடிவு செய்வதில்லை. ஒப்பந்தங்களும் வணிகமும் நிறவேற்றுமையும் முடிவு செய்கின்றன. அவற்றுக்கு எதிராக, ஒரு தட்டை எடுத்துப் பதிந்து, கவனமாக உறையிலிட்டு வைத்த கைகளும் முடிவு செய்கின்றன. அக்கைகள் இல்லையேல், அம்மூன்று பாடல்களும் நமக்கு இல்லை.

தெரிந்து தெளிவோம்

1934ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய 'லெட்ஸ் டான்ஸ்' என்னும் வானொலி நிகழ்ச்சியில் பென்னி குட்மன் குழுவினர் நியூயார்க்கிலிருந்து வாசித்தனர். அவர்கள் முறை வரும்போது அங்கு நள்ளிரவாகிவிடும். ஆனால், நேரம் மூன்று மணி பின்தங்கிய மேற்குக் கடற்கரையில் அது இளைஞர் விழித்திருக்கும் வேளை. ஆகவே, 1935ஆம் ஆண்டு ஆகத்து 21ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பாலோமர் நடனக்கூடத்தில் குட்மனுக்குப் பெரும் வரவேற்புக் கிடைத்தது. ஸ்விங் காலத்தின் தொடக்கமாக இந்நாளைக் குறிப்பிடுவர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் முதியோர் பாடும் தாலாட்டு, நடவுப்பாடல், ஒப்பாரி ஆகியவற்றுள் ஒன்றைப் பாடுவோரின் இசைவுடன் ஒலிப்பதிவு செய்க. பாடியவர், இடம், நாள், சூழல் ஆகியவற்றைக் குறித்து வைத்து வகுப்பில் பகிர்க.

2. 'நேரடி ஒலிபரப்பும் ஒலிப்பதிவும்' என்னும் தலைப்பில் இரண்டின் நிறைகுறைகளை ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.