ராஸ் பார்ன்ஸ் ஏமாற்றினாரா?

கிரிக்கெட்ல சராசரி 50 இருந்தா பெரிய ஆள். பேஸ்பால்ல .300 இருந்தாலே பெரிய ஆள்தான். குழம்பாதீங்க, அங்கே சராசரியில் ரன் கணக்கே இல்லை. பத்து முறை பேட்டிங் செய்து மூன்று முறை ஹிட் அடித்தால் .300, அவ்வளவுதான்.

இப்போ 1871-க்குப் போவோம். அமெரிக்காவின் முதல் தொழில்முறை லீக் தொடங்கிய வருடம். பிலடெல்பியா அணியின் லீவை மையர்லி அந்த சீசனில் .492 அடித்தார். ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று! ஆனால் அவர் ஆடியது 26 ஆட்டங்கள்தான். ஒரே செமஸ்டரை வைத்து சிஜிபிஏ சொல்ற மாதிரி. அப்போ பந்தைக் கையைத் தாழ்த்தித்தான் வீச வேண்டும், அதுவும் உயரமாகவா தாழ்வாகவா என்று பேட்டரே கேட்டு வாங்கலாம்!

நான் சொல்ல வந்த ஆள் ராஸ் பார்ன்ஸ். 1876, நேஷனல் லீக்கின் முதல் சீசன். சிகாகோவுக்காக ஆடி .429 அடித்தார். இரண்டாம் இடத்தில் இருந்தவர் .366. பார்ன்ஸ் 66 ஆட்டங்களில் 126 ரன் எடுத்தார். அந்த லீக்கின் முதல் ஹோம் ரன்னும் அவருடையதுதான்.

எப்படி? பேட்டர் நிற்கும் இடத்திலிருந்து கவட்டை மாதிரி இரண்டு கோடுகள் விரியும். பந்து அவற்றுக்குள் இருந்தால் ஃபேர், வெளியே போனால் ஃபவுல். ஆனால் அன்றைய விதிப்படி, பந்து முதலில் எங்கே தரையில் படுகிறது என்பதுதான் கணக்கு. பார்ன்ஸ் பந்தை வெட்டிவிடுவார். அது தனக்குப் பக்கத்திலேயே கோட்டுக்குள் பட்டு, சுழன்று வெளியே ஓடிவிடும். ஃபீல்டர் துரத்திப் பிடிப்பதற்குள் இவர் பேஸில் நிற்பார்.

1877-ல் விதியை மாற்றினார்கள். பேஸைத் தாண்டும் முன்பே வெளியே உருண்டு போனால் ஃபவுல். அந்த வருடம் பார்ன்ஸ் .272. "விதி போச்சு, ஆளும் போச்சு" என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால் அதே வருடம் அவரைக் காய்ச்சல் படுக்க வைத்தது, ஆடியதே 22 ஆட்டங்கள்தான். பழைய பலம் திரும்பவே இல்லை. தவிர, அந்தப் பழைய விதி எல்லாருக்கும் பொதுதானே? ஒரே கேள்வித்தாள்ல ஒருத்தர் மட்டும் சென்டம் வாங்கினா அது காப்பியா?

இன்னொரு கூத்தும் உண்டு. 1887-ல் மட்டும், ஹிட் அடிக்காமல் 'வாக்' மூலம் பேஸுக்குப் போனாலும் ஹிட் என்று எண்ணினார்கள். டிப் ஓநீலுக்கு வந்தது .492, அப்படியே மையர்லியின் எண்! பிறகு வாக்கைக் கழித்தார்கள், .435 ஆகிவிட்டது. அப்பவும் அந்த வருடம் அவர்தான் முதலிடம்.

பார்ன்ஸ் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் இல்லை. அதற்குப் பத்து சீசன் ஆடியிருக்க வேண்டும். அவர் ஆடியது ஒன்பது.