ஷூ வழக்கு பாரிஸ் போன கதை

குழந்தைகளே! கொரட்டூரில் எங்கள் தெருவில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான். புதுச்சேரியில் மாமா வீட்டுக்குப் போய் வந்தவன் நேரே என்னிடம் ஓடி வந்தான்.

"வாத்தியார் தாத்தா, அங்கே ஜூலை 14 அன்னிக்கு பிரெஞ்சுக் கொடி பிடிச்சுக்கிட்டு ஊர்வலம் போனாங்க. எதுக்கு?"

நல்ல கேள்விதானே? அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

1789க்கு முன்பு பிரான்சை ஆண்டவர் பதினாறாம் லூயி மன்னர். மக்கள் மூன்று பிரிவாக இருந்தார்கள். முதல் பிரிவு மதகுருமார்கள், இரண்டாவது பிரபுக்கள். இவர்களுக்குப் பெரும்பாலான வரிகள் கிடையாது! உழவர், தொழிலாளி, வியாபாரி, வக்கீல் எல்லாரும் மூன்றாம் பிரிவு. வரிச்சுமை பெரும்பாலும் இவர்கள் தலையில்தான்.

உப்புக்கும் வரி உண்டு. நாட்டின் பல பகுதிகளில் எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும், அரசு சொன்ன அளவு உப்பை அரசு சொன்ன விலைக்கு வாங்கியே ஆக வேண்டும். உங்கள் வயதுப் பிள்ளைகளையும் விடவில்லை, பாருங்கள்!

1788இல் விளைச்சல் பொய்த்தது. ரொட்டி விலை ஏறியது. கஜானாவும் காலி. வேறு வழியின்றி மன்னர் 1789 மே மாதம் மூன்று பிரிவினரின் பிரதிநிதிகளையும் வெர்சாய் நகருக்கு அழைத்தார். பிரிவுக்கு ஒரு ஓட்டு என்பது பழைய வழக்கம். இதில் என்ன சூழ்ச்சி தெரியுமா? 100 பேர் படிக்கும் பள்ளி ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். இரண்டு மாணவர்கள் ஆளுக்கு ஓர் அணி. மீதி 98 பேரும் சேர்ந்து ஒரே அணி. அணிக்கு ஒரு ஓட்டு என்றால் யார் ஜெயிப்பார்கள்? எப்போதும் அந்த இரண்டு பேர்தான்!

மூன்றாம் பிரிவினர் இதை ஏற்கவில்லை. தாங்களே தேசிய சபை என்று அறிவித்தார்கள். ஜூலை 14 அன்று பாரிஸ் மக்கள் வெடிமருந்து தேடி பாஸ்டில் என்ற சிறைக்கோட்டையைத் தாக்கிப் பிடித்தார்கள். உள்ளே இருந்த கைதிகள் ஏழே பேர்! ஆனால் மன்னரின் அதிகாரத்துக்கு அது பேரிடி. மனிதர்கள் பிறப்பால் சமம் என்று ஆகஸ்டில் சபை அறிவித்தது. 1792இல் மன்னராட்சியே ஒழிந்தது.

அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. கப்பல் வழியாகச் செய்தி வந்ததும், 1790இல் இங்கிருந்த பிரெஞ்சுக்காரர்களும் ஒரு சபை அமைத்தார்கள். நம்மவர்களுக்கு மட்டும் சமத்துவம் அத்தனை வேகமாக வரவில்லை.

84 ஆண்டுகள் ஓடின. 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற தமிழ் வக்கீல், ஐரோப்பியரைப் போல ஷூ அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். இந்தியர் அப்படி வருவது அங்கே வழக்கமில்லை. நீதிபதிக்குக் கோபம் வந்தது; தண்டனை விதித்துவிட்டார்.

வெறும் ஷூதானே, கழற்றிவிட்டுப் போயிருக்கலாமே என்றான் எங்கள் தெருப் பையன். அவர் கழற்றவில்லை. பிரெஞ்சுச் சட்டத்தின்முன் எல்லாரும் சமம் என்றால் எனக்கு மட்டும் தனி விதி ஏன் என்பதே அவர் வாதம். வழக்கு கடல் கடந்து பாரிஸ் வரை போயிற்று. அங்கிருந்த உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

பிறகு 1881இல் வந்த ஒரு சட்டப்படி, அவர் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். லபோர்த் என்பது அந்தப் பெயர். பிரெஞ்சில் 'லா போர்த்' என்றால் கதவு!