ஒரே வீட்டில் வாக்கும் அச்சமும்

டெக்சாஸின் தெற்கு ஓரத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டியுள்ள ஸ்டார் கவுன்டியில் 100க்கு 95 பேருக்கு மேல் ஹிஸ்பானிக் மக்கள். 1892க்குப் பிறகு அங்கே குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் எவரும் வென்றிருக்கவில்லை. 2024இல் டிரம்ப் வென்றார். ஆவணமற்ற குடியேறிகளைப் பெருந்திரளாக நாடு கடத்துவேன் என்று மேடைதோறும் முழங்கியவர் அவர். ஹிஸ்பானிக் வாக்கின் சாவி குடியேற்றம்தான் என்று நம்பியவர்களின் கணக்கு இங்கேதான் பிசகியது. ஹிஸ்பானிக் வாக்காளர்களில் ஒரு பகுதியினரான போர்ட்டோ ரிக்கோ மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். குடியேற்றச் சட்டம் அவர்களைத் தொடுவதே இல்லை. மற்றவர்களிலும் பலருக்கு விலைவாசியும் வாடகையும் கூலியும்தான் முதல் கவலை.

அப்படியானால் குடியேற்றம் ஒரு பொருட்டே இல்லையா? கலிபோர்னியா அப்படிச் சொல்லவில்லை. ஆவணமற்றவர்களின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியை மூடும் 187ஆம் முன்மொழிவு 1994இல் அங்கே வாக்கெடுப்பில் வென்றது. அதை ஆதரித்த ஆளுநர் பீட் வில்சனும் மறுபடி வென்றார். நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது. ஆனால் சினந்த ஹிஸ்பானிக் மக்கள் திரளாகக் குடியுரிமை பெற்று வாக்காளர்களாகப் பதிந்தார்கள். அந்த மாநிலம் குடியரசுக் கட்சியை விட்டு விலகியதற்கு இது மட்டுமே காரணமல்ல, முக்கியமான ஒன்று. எல்லைக் காவலைக் கடுமையாக்குவதை ஏற்கும் வாக்காளரே, தன் குடும்பத்துப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து விரட்டினால் பொறுக்கமாட்டார் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஜனநாயகக் கட்சியின் பிழை வேறு வகை. 1986இல் குடியரசுக் கட்சி அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தால் சுமார் 27 லட்சம் பேர் சட்டபூர்வ வாழ்வு பெற்றார்கள். அதற்கு ஈடான சட்டம் பின்னர் வரவே இல்லை. முதல் ஆண்டிலேயே குடியேற்றச் சீர்திருத்தம் என்று 2008இல் ஒபாமா வாக்குறுதி தந்தார். வந்ததோ லட்சக்கணக்கான நாடு கடத்தல்கள். 2013இல் 68 வாக்குகளுடன் செனட்டைத் தாண்டிய குடியேற்றச் சீர்திருத்த மசோதாவை, குடியரசுக் கட்சியின் பிடியிலிருந்த பிரதிநிதிகள் சபை விவாதத்துக்கே எடுக்கவில்லை. தோல்வியில் பழி அந்தப் பக்கமும் உண்டு. ஆனாலும் தேர்தலுக்குத் தேர்தல் அதே வாக்குறுதியைக் கேட்டவருக்கு அலுப்புத் தட்டாதா? ஒரே வீட்டில் பேரனுக்கு வாக்கு இருக்கிறது, பாட்டிக்குத் தாள் இல்லை. கட்சிகள் பேரனிடம் மட்டும் பேசிவிட்டுப் போகின்றன. சிறுவயதில் அழைத்து வரப்பட்டவர்களுக்கு ஒபாமா 2012இல் தந்த தற்காலிகப் பாதுகாப்பு இன்னும் சட்டமாகவில்லை. அன்று 20 வயதில் விண்ணப்பித்தவர்கள் 30ஐக் கடந்துவிட்டார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்லி இன்னும் விண்ணப்பம் எழுதுகிறார்கள்.