தங்கம் போயிற்று, தூசி நிற்கிறது

சுரங்கத்தில் பிறந்த தூசி தொழிலாளியின் நெஞ்சில் தங்கியது. இப்போது அது கோலார் தங்கவயலின் வீடுகளுக்குள் வருகிறது.

காற்று பலமாக வீசும் மாதங்களில் சயனைடு மலைகளை ஒட்டிய குடியிருப்புகளில் ஜன்னல்கள் சாத்தியே கிடக்கின்றன. அப்படியும் மாவு போன்ற பொடி உள்ளே வந்துவிடுகிறது. சமையல் பாத்திரம், படுக்கை, கொடியில் காயும் துணி எதையும் அது விடுவதில்லை. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. சம்பளம் நின்றது. தூசி நிற்கவில்லை.

இந்தத் தூசியின் கதை பாதாளத்தில் தொடங்குகிறது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்தது. வட ஆற்காட்டிலிருந்து வந்த தமிழர்கள், அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், குழியில் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. தங்கம் ஒளிந்திருந்தது குவார்ட்ஸ் பாறையில். வெடி வைக்கப் பாறையில் துளை போட வேண்டும். காற்றழுத்தத்தில் இயங்கும் துளைக்கருவி வந்ததும் வேலை வேகம் பிடித்தது. தூசியும் பெருகியது. அமெரிக்கச் சுரங்கங்களில் இந்த ரகக் கருவிக்கு 'விதவையாக்கி' என்றே பெயர்.

கண்ணுக்குத் தெரியும் தூசி பெரிய எதிரியல்ல. அது மூக்கிலும் தொண்டையிலும் சிக்கி, சளியோடு வெளியேறும். மில்லிமீட்டரில் 200இல் ஒரு பங்குக்கும் சிறிய சிலிக்கா துகள்தான் நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போய் உட்காருகிறது. அங்கே தழும்பு விழுகிறது. மூச்சு சுருங்குகிறது. இதுதான் சிலிகோஸிஸ். குணப்படுத்த மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் நோய் முற்றலாம். காசநோய் எளிதில் தொற்றும். 1940 முதல் 1946 வரை இங்கே பரிசோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளர்களில் 3,402 பேருக்கு இந்நோய் இருந்தது.

தடுக்கும் வழி எளிமையானது. துளையிடும் கம்பியின் நடுவே ஓட்டை வைத்து, அதன் வழியே முனைவரை தண்ணீர் பாய்ச்ச வேண்டும். தூசி பறப்பதற்கு முன்பே சேறாகிவிடும். தச்சுப் பட்டறைக்கும் இதே விதிதான். மின்ரம்பத்தில் தண்ணீர் ஆகாது. எனவே அறுக்கும் இடத்திலேயே உறிஞ்சு குழாயைப் பொருத்த வேண்டும். பறந்த பிறகு துடைப்பத்தை எடுத்தால் அடங்கிய தூசியும் கிளம்பும். முகமூடி கடைசிக் காவல்தான். மரத்தூசியும் சிலிக்காத் தூசியும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

தங்கவயலில் கேள்வி மறுபடி உயிர் பெற்றிருக்கிறது. அரைத்த பாறையிலிருந்து சயனைடு மூலம் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவுதான் இந்த மலைகள். 13 மேடுகளில் சுமார் 3.3 கோடி டன் குவிந்திருக்கிறது. மிச்சத் தங்கத்துக்காக அவற்றைத் தோண்டும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதித்தது. வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை ஊரில் இருப்பது நியாயமே. ஆனால் தோண்டும்போதும் லாரியில் ஏற்றும்போதும் கிளம்பும் தூசியை அங்கேயே நனைத்து அடக்கவும், லாரிகளை மூடவும், மீதி மேடுகளில் செடி வளர்க்கவும் ஒப்பந்தத்திலேயே பணம் ஒதுக்க வேண்டும்.

தாத்தாவின் நெஞ்சில் ஏறிய தூசியைப் பேரனும் சுவாசிக்கத்தான் வேண்டுமா என்பதை, முதல் லாரி கிளம்புவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.