மூசைக்குள் ஆறிய உருக்கு

அரூரிலிருந்து தீர்த்தமலைக்குப் போகிறவர்கள் தீர்த்தமாடி, சாமி கும்பிட்டுத் திரும்பிவிடுவார்கள். அந்த வட்டாரத்துப் பாறைகளில் வரிவரியாக ஓடும் கறுப்புக் கல்லைக் கவனிப்பவர் குறைவு. அது மேக்னடைட், காந்தம் ஒட்டும் இரும்புத் தாது. தீர்த்தமலை இருக்கும் தர்மபுரி 1965 அக்டோபர் 2 வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. ஆகவே பழைய நிலவியல் குறிப்புகளில் கஞ்சமலையோடு தீர்த்தமலையும் சேலத்து இரும்பு மலைகளின் வரிசையில் வரும்.

சேலம் பக்கத்துக் கொல்லர்கள் உருக்கு செய்த விதத்தை ஆங்கிலேயர் ஜோசையா மார்ஷல் ஹீத் 1839இல் எழுதினார். உமிக்கரி கலந்த களிமண் மூசை. அதற்குள் இரும்புத் துண்டுகள், அவற்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரங்கட்டை, மேலே எருக்கிலை. வாயைக் களிமண்ணால் அடைத்து, 20 முதல் 24 மூசைகளை உலையில் அடுக்கி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். கட்டையின் கரி இரும்பில் ஏறும், இரும்பு உருகும். மூசை ஆறியதும் உடைத்தால் உருக்கு வில்லை.

வில்லையின் முகத்தில் நடுவிலிருந்து கதிர்க்கோடுகள் பரவியிருந்தால் நன்றாக உருகியிருக்கிறது. தேனடைபோல் பொத்தலாக இருந்தால் அரைவேக்காடு என்கிறார் ஹீத். அந்தக் கோடுகள் படிகம் வளர்ந்த தடம். உலோகத்தை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்வதை ஆங்கிலேய அறிவியலாளர் ஹென்றி சோர்பி தொடங்கியதே அதற்குப் பிறகு, 1860களில்தான்!

பதநீர்ப் பாகைக் கிளறி அச்சில் ஊற்றினால் கருப்பட்டி. பானையில் பல வாரம் அசையாமல் விட்டால் கற்கண்டு. உலோகமும் ஏறக்குறைய அப்படித்தான். உருகிய உருக்கு இறுகும்போது படிகங்கள் மரம்போல் கிளைவிடும். மெல்ல ஆறினால் கிளைகள் பருத்து, இடைவெளி அகலும். சட்டென்று ஆறினால் நெருங்கிப் பொடியாகும். கிளைக்குள் இடம் கிடைக்காத வேற்றுத் தனிமங்கள் இடைவெளியில் ஒதுங்கும்.

இத்தகைய மூசை உருக்கில் அடித்த டமாஸ்கஸ் வாளின் அலைவரிகளுக்கு மூலம் இந்த ஒதுக்கம்தான் என்று அமெரிக்க உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவனும் வாள் செய்யும் கொல்லர் ஆல்ஃபிரட் பெண்ட்ரேயும் 1990களில் காட்டினார்கள். ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான வனேடியம் போதும். காய்ச்சி அடிக்க அடிக்க, அது ஒதுங்கிய இடங்களில் இரும்பும் கரியும் கூடிய கார்பைடுத் துகள்கள் வரிசைகட்டும்.

இன்றைய விமான எஞ்சினிலும் இதே கதைதான். போயிங் 787இன் ஜிஎன்எக்ஸ் எஞ்சினில் டைட்டானியம் அலுமினைடு டர்பைன் இதழ்கள் சுழல்கின்றன. நிக்கல் கலவையில் பாதி எடைதான். டைட்டானியம் அலுமினைடுக்குள் இரண்டு சேர்மங்கள் புத்தகத் தாள்போல் மாறி மாறி அடுக்கியிருக்கும். அங்கேயும் ஆறும் வேகம்தான் கணக்கு: வேகம் கூடினால் தாள் மெலியும், அளவு மீறினால் அடுக்கே உருவாகாது.

அடுத்த முறை தீர்த்தமலைக்குப் போகும்போது பையில் சிறு காந்தம் ஒன்று இருக்கட்டும். அடிவாரத்து ஓடை மணலில் ஒருமுறை துழாவிப் பாருங்கள்.