பச்சை மயில்

பச்சை மயில், நம் நாட்டு நீல மயிலின் நெருங்கிய உறவு. செதில் அடுக்கியது போன்ற பச்சைக் கழுத்தும், விசிறியாக விரியாமல் நெட்டுக்குத்தாக நிற்கும் கொண்டையும் இதன் அடையாளம். பெட்டையும் ஏறக்குறைய ஆணின் நிறமே கொண்டது.

ஒரு காலத்தில் இந்தியாவின் வடகிழக்கு ஓரத்திலிருந்து ஜாவா வரை பரவியிருந்த இந்தப் பறவை, இன்று மியான்மர், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம், சீனாவின் யுனான் போன்ற இடங்களில் சிதறிய கூட்டங்களாகவே எஞ்சியிருக்கிறது. காடழிப்பு, வேட்டை, வயல்களில் வைக்கப்படும் நஞ்சு ஆகியவை காரணங்கள். 2009 முதல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் ஆபத்திலுள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது. கூண்டுகளில் நீல மயிலோடு சேர்ந்து கலப்பினம் உருவாவது இன்னொரு கவலை. யுனானில் இதன் வாழிடத்தை மூழ்கடிக்கவிருந்த அணை வேலையை 2020-இல் குன்மிங் நீதிமன்றம் நிறுத்தியது. மனமாரப் பாராட்டத்தக்க தீர்ப்பு அது.

நீல மயிலின் நிலை மேலானது. 1963-இல் அது தேசியப் பறவையானது. பெங்களூருக்கு மேற்கே, மண்டியா மாவட்டத்து ஆதிசுஞ்சனகிரியில் 1981 முதல் மயில் சரணாலயம் உள்ளது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, மயிலை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு.